மழை நாத்திகர்கள்

கடவுளை நம்பாதவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் கிடையாது. மழையை நம்பாதவர்களோடுதான் சண்டை. அந்தக் கூட்டத்தின் தலைமையகம் இங்கிலாந்து. எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் செய்து உலகமெல்லாம் விற்றவர்கள் அவர்கள். எழுபதுகளில் பிறந்த அப்படியொரு இரண்டு சீட் வண்டியை நானும் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். வீட்டில் கேட்டார்கள், சொன்னேன், அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செங்காங்கில் எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் அது தூசி உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். பழைய கார்களுக்கான திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். வானிலைக் கணக்குப்படி சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை. 365-இல் 171 போனால் 194 காய்ந்த நாள். 194 நாளில் 45-ஐப் பொறுக்கி எடுக்கப் பெரிய படிப்பா வேண்டும்? ஆனால் நான் உறையை உருவுகிற சத்தம் கேட்டால் போதும், ஜோகூர் பக்கம் சும்மா கிடந்த மேகம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

அப்படித்தான் ஒரு காலையில் தெம்பனிஸ் விரைவுச்சாலையில் சுமத்ரா காற்று வந்து அறைந்தது. வைப்பரைப் போட்டேன். இரண்டு தடவை முனகிக்கொண்டு போய் வந்தது. மூன்றாவது தடவை கண்ணாடியின் நட்டநடுவில், சொல்ல வந்ததை மறந்துபோன தலைமை விருந்தினர் மாதிரி அப்படியே நின்றுவிட்டது. ஓரம் கட்டும்வரை ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, அதை நானே தள்ளித் தள்ளித் துடைத்தேன். பக்கத்து லேனில் போன வேன்காரர் வேகத்தைக் குறைத்து என்னை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மனிதகுலம் வைப்பரை ஆரம்பித்ததே இந்த லட்சணத்தில்தான். 1902 குளிர்காலம், நியூயார்க். அலபாமாவிலிருந்து வந்த மேரி ஆண்டர்சன் என்ற அம்மாள் டிராமில் போகிறார். வெளியே பனிமழை கொட்டுகிறது. டிராம் ஓட்டுநர் முன்கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் பனி அறைய அறைய ஓட்டுகிறார். கண்ணாடி எதற்கு இருக்கிறதோ அதற்கு உதவாததால் அதைத் திறந்து வைப்பதுதான் அன்றைய தொழில்நுட்பம். டிராமில் இருந்த மற்றவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். அந்த அம்மாள் ஊருக்குப் போய் ஒரு படம் வரைந்தார். வெளியே ரப்பர் பட்டை வைத்த ஒரு கை, உள்ளே அதை ஆட்ட ஒரு பிடி. 1903 நவம்பர் 10-ஆம் தேதி காப்புரிமையும் கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கனடா நிறுவனத்திடம் அதை விற்கப் பார்த்தார். இதற்கு வியாபார மதிப்பு கிடையாது என்று பதில் வந்தது. உலகத்தில் இன்று ஓடும் கார்களை எண்ணிப் பார்த்து, பிறகு அந்தக் கடிதத்தை எழுதிய புண்ணியவானை நினைத்துப் பாருங்கள். மழை நாத்திகத்தின் ஆதி குரு அவர்தான். 1920-இல் காப்புரிமை காலாவதியானது. அதற்கப்புறம்தான் எல்லாக் காரும் வைப்பரை மாட்டிக்கொண்டு வந்தது. அம்மாளுக்குக் காலணா கிடைக்கவில்லை.

ஜெர்மனியில் கெய்சரின் தம்பி, இளவரசர் ஹைன்ரிஷ், 1908-இல் தன் பங்குக்கு ஒரு கைவைப்பருக்குக் காப்புரிமை எடுத்தார். அரண்மனையில் கண்ணாடி துடைக்க ஆளா இல்லை? போகட்டும். அதைவிட வேடிக்கை அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் நடந்தது. ஜான் ஓஷை என்பவர் மழையில் கண் தெரியாமல் ஒரு சைக்கிள்காரர் மேல் காரை மோதினார். நாமாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வடபழனிக்கு வேண்டிக்கொண்டிருப்போம். அவர் 1917-இல் வைப்பர் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். டிரைகோ என்று இன்றைக்கும் இருப்பது அதுதான்.

அந்தக் காலத்து வைப்பர்களில் உலகப் புகழ் பெற்ற குறும்புக்காரன் வேக்குவம் வைப்பர். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறதல்லவா, அந்த உறிஞ்சலை வைத்தே வைப்பரை ஆட்டலாம் என்று ஒரு யோசனை. ஓசியில் வேலை நடக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறையும், வைப்பர் படுத்துவிடும். காலை எடுத்தால் சாமி வந்த மாதிரி ஆடும். அதாவது, ஏற்றத்தில் லாரியை முந்தும்போது, லாரி வாரியடிக்கும் சேறெல்லாம் உங்கள் கண்ணாடியில் இருக்கும் அந்த நொடியில் வைப்பருக்கு ஓய்வு நேரம். சிக்னலில் நிற்கும்போது ஆர்வமாக வேலை பார்க்கும். இப்படிப்பட்ட ஊழியர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நம் ஊருக்கு வருவோம். 1961-இல் அப்பர் தாம்சன் சாலையை அடைத்துக் கார் பந்தயம் ஆரம்பித்தார்கள். ஒரு சுற்று கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். வளைவுகளுக்குப் பாம்பு, சாத்தான் என்றெல்லாம் பெயர். அடுத்த வருஷம் யோங் நாம் கீ என்பவர் ஜாகுவார் ஈ-டைப்பில் ஜெயித்தார். அந்தக் காரின் முன்கண்ணாடியில் மூன்று வைப்பர்! கண்ணாடி பட்டை மாதிரி குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது. நீளமான கை இரண்டு வைக்க உயரம் போதாது, அதனால் குட்டையாக மூன்று. அழகுக்காகக் கண்ணாடியைக் குறுக்கிவிட்டு, அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாக வைப்பரைக் கூட்டினார்கள். மழை நாத்திகர் சபையில் மழைக்கு இவ்வளவாவது மரியாதை செய்த வண்டி அது.

1964-இல் மழை கணக்குத் தீர்த்தது. சிங்கப்பூர் அப்போது மலேசியாவோடு இருந்தது, பந்தயத்துக்கும் மலேசிய கிராண்ட் பிரி என்று பெயர். ஏழு சுற்று ஓடியதுமே வானம் பிளந்துகொண்டு கொட்டியதில் பந்தயத்தையே கைவிட்டார்கள். முடிவுப் பட்டியலில் ஜெயித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. என்னைக் கேட்டால் அங்கே ‘மழை’ என்று எழுதியிருக்க வேண்டும். 1973-க்குப் பிறகு அந்தப் பந்தயமே நின்றுபோனது. 2008-இல் மரினா பேயில் திரும்ப வந்தபோது ராத்திரியில் வந்தது.

என் வைப்பருக்கு வைத்தியம் பார்த்தவர் பக்கத்து புளோக் அண்ணன். செம்பவாங்கில் கப்பல் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை ஒரு கையில் கோப்பி ஓ பொட்டலமும் இன்னொரு கையில் டூல்ஸ் பையுமாக வந்தார்.

“மோட்டார் போச்சாண்ணே?”

“டாக்டர்கிட்டப் போனதும் கிட்னி போச்சான்னு கேப்பியா தம்பி? முதல்ல நாக்கை நீட்டு.”

நாக்கு என்பது ஃபியூஸ். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடிக்கும் கிளிப்பில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அடுத்து டெஸ்ட் விளக்கு. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017-இல் மூடுவதற்கு முன்னால், தேக்காவில் மீன் வாங்கப் போனவர் மீனை மறந்துவிட்டு வாங்கி வந்த விளக்காம் அது. மோட்டார் வயரில் வைத்ததும் பிரகாசமாக எரிந்தது. கரண்டு வருகிறது. எர்த் வயர் நட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டினார். வைப்பர் ஒரு விரல் கூடுதலாக நகர்ந்துவிட்டு மறுபடியும் யோசனையில் ஆழ்ந்தது.

இந்த மாதிரி வண்டிகளில் மோட்டார் ஒரு மூலையில் இருக்கும், வைப்பர் வேறெங்கோ இருக்கும். நடுவில் வளைந்த இரும்புக் குழாய்க்குள், ஸ்பிரிங் சுற்றிய கம்பி ஒன்று முன்னும் பின்னும் ஓடும். ஒவ்வொரு வைப்பருக்குக் கீழும் ஒரு பல்சக்கரம் அந்தக் கம்பியைக் கடித்துக்கொண்டு ஆடும். அண்ணன் மூடியைத் திறந்து கம்பியை மோட்டாரிலிருந்து பிரித்துவிட்டு சுவிட்சைப் போட்டார். மோட்டார் குஷியாகச் சுற்றியது.

“மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்கான். கூட்டுக்குடும்பம்தான் சரியில்ல.”

சுண்டுவிரலால் இழுத்தால் வர வேண்டிய கம்பி. தேர் இழுக்கிற மாதிரி இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். வெளியே வந்தபோது அதைச் சுற்றிப் பழைய கிரீஸ், ஆறிப்போன கருப்பட்டிப் பாகு பதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு நல்லவர், எந்தக் காலத்திலோ, கண்ட கிரீஸையும் அன்போடு அப்பியிருக்கிறார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தோம். பல்சக்கரத்தில் ஒரு பக்கப் பல் மட்டும் தேய்ந்திருந்தது. வைப்பர் பாதி வட்டம்தானே ஆடுகிறது, அதனால் சக்கரத்தின் மறுபாதி வண்டி பிறந்த நாளிலிருந்து வேலை செய்யாமல் சம்பளம் வாங்கியிருக்கிறது. அண்ணன் சக்கரத்தைத் திருப்பிப் போட்டு அந்த மறுபாதியை வேலைக்கு அனுப்பினார்.

கம்பி ஊறுகிற நேரத்தில் கோப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டேன். “விட்டு விட்டு அடிக்கிற மாதிரி வைக்க முடியாதாண்ணே?” அப்போது அவர் சொன்னது ராபர்ட் கேர்ன்ஸ் கதை. 1953-இல் அவருடைய முதலிரவில் ஷாம்பேன் மூடி தெறித்து இடது கண்ணில் பட்டு, அந்தக் கண்ணில் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. பத்து வருஷம் கழித்து ஒரு தூறலில் கார் ஓட்டும்போது, கண் இமை மாதிரி வைப்பரும் விட்டு விட்டு அடித்தால் என்ன என்று தோன்றியதாம். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், தீர்ந்தது. ஃபோர்டு கம்பெனியிடம் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு அவர்கள் காரில் அப்படியொரு வைப்பர் வந்தது, அவருக்குப் பணம் வரவில்லை. 1978-இல் வழக்குப் போட்டார். வக்கீல்களோடு ஒத்துப்போகாமல் தானே வாதாடவும் செய்தார். 1990-இல் ஃபோர்டு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்துக்கொண்டது. அதற்குள் கல்யாணமும் முறிந்திருந்தது.

“மூடி பட்டது கண்ணுல தம்பி,” என்றார் அண்ணன். “அடி பட்டது குடும்பத்துல.”

எல்லாம் மாட்டியதும், ஆர்வக்கோளாறில் வைப்பர் கைகளை நானே பொருத்தினேன். சுவிட்ச் போட்டதும் இரண்டும் கண்ணாடிச் சட்டத்தில் மடார் என்று மோதின. வைப்பரை நிறுத்தினாலும் மோட்டார் உடனே நிற்காது. கையைக் கீழே படுக்கவைக்கும் இடம் வரும்வரை கரண்டு கொடுக்க உள்ளே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. முதலில் மோட்டாரை அந்த இடத்துக்கு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் கையை மாட்ட வேண்டும். இதை அண்ணன் எனக்கு விளக்கிய மொழியை இங்கே அச்சிட முடியாது.

அடுத்த வாரம் வெற்றி ஊர்வலமாகப் பழைய அப்பர் தாம்சன் சாலைக்குப் போனேன். மழை நாத்திகர்கள் மண்டியிட்ட இடத்தில் வைப்பரைப் போட்டுக் காட்டுவதாகத் திட்டம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டுப் பாம்பு வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கப் பக்கமிருந்து ஒரு குரங்கு வந்து பானெட் மேல் ஏறி உட்கார்ந்தது. வைப்பரைத் தூக்கிப் பார்த்தது. ரப்பரை முகர்ந்தது. பிறகு நிதானமாக, கையாலேயே, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தள்ளியது.