அப்பா பெயரில் பாலிசி

வண்டி அப்பா பெயரில், சாவி மகன் பாக்கெட்டில். நம் ஊர் கார் இன்ஷூரன்ஸ், எஞ்சின் எத்தனை சிசி, எந்த ஊர்ப் பதிவு, எந்த வருடத்து மாடல் என்று வண்டியின் ஜாதகத்தையே புரட்டிப் பார்க்கும். ஓட்டப்போகிற பிள்ளையாண்டானுக்கு வயது என்ன என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அமெரிக்காவிலோ வீட்டுப் பையனுக்கு லைசென்ஸ் வந்தாலே பிரீமியம் எகிறிவிடும்.

இங்கே அவன் பார்க்கிங் தூணில் 'சும்மா லேசா' உரசி, கிளெய்மும் போட்டால்தான் வினை. அப்பா ஐந்து வருடம் பொத்திப் பொத்திச் சேர்த்த 50% நோ கிளெய்ம் போனஸ், சாதாரண பாலிசியில் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். அதனால்தான் பம்பருக்குக் கைக்காசிலேயே டிங்கரிங் நடக்கிறது. கட்டாயமான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடோ உரிமையாளருக்கு மட்டும்! வீட்டில் பாதி கேட்கிற மகனுக்கு இதில் பங்கில்லை. அவன் பெட்ரோலுக்கு மாதாமாதம் அப்பா ஜிபே போடுவது எந்த பாலிசியிலும் வராத தனிக் கவரேஜ்.