இருபதாந்தேதிக்குள்ள செத்துரணும்

வாடா பேராண்டி, உக்காரு. 'இந்த ஆண்டு மறைந்தவர்கள்' பக்கத்தை ஒன் தலையில கட்டிப்புட்டாங்களாமே! எமனுக்குச் சித்திரகுப்தன், பத்திரிகைக்கு நீ. கெழவன் சூட்சுமம் சொல்றேன், கேட்டுக்க.

டிசம்பர் இருபதாந்தேதிக்குள்ள கணக்கை முடிச்சு அச்சுக்கு அனுப்பிப்புடு. அதுக்கப்புறம் சாவுறவங்க ஒழுங்குமுறை தெரியாதவங்க. ராஜாஜி 1972 டிசம்பர் 25. மறு வருசம் பெரியார் 24. கொள்கையில காலம் பூரா மல்லுக்கட்டுன சிநேகிதக்காரங்க, இந்த ஒரு விசயத்துல கூடிப் பேசிக்கிட்ட மாதிரி போயிருக்காங்க. எம்.ஜி.ஆரும் 1987-ல அதே 24. விஜயகாந்த் 2023-ல 28. அச்சாபீசுக்காரன் கஷ்டம் ஒருத்தருக்காவது தெரிஞ்சுதா?

சித்திரையில செத்தவங்களுக்கு ரொம்ப எடம் குடுக்காதே. மார்கழிக்குள்ள அழுது முடிச்சிருப்பாங்க. 2013-ஐயே எடுத்துக்க. பி.பி.ஸ்ரீநிவாஸ் சித்திரை ஒண்ணாந்தேதி, ஏப்ரல் 14-ல போனாரு. மே 25-ல டி.எம்.சௌந்தரராஜன். ஜூன்ல மணிவண்ணன். ஜூலை 18-ல வாலி. பாடினவங்க, எழுதினவரு, படம் எடுத்தவரு, எல்லாரும் ஒரே வருசத்துல. இவ்வளவு பேருக்கு எடத்துக்கு எங்க போவே? ஆளுக்கொரு தபால்தலை அளவு போட்டோ, அடியில 'ஈடு செய்ய முடியாத இழப்பு'. அந்த வரியை மட்டும் கைவசம் வச்சுக்க, எல்லாருக்கும் பொருந்தும்.

மறந்தும் வேற எதையும் எழுதிப்புடாதே. ஸ்ரீநிவாஸ் தலையில குல்லாவும், சட்டைப்பை நெறையக் கலர் கலராப் பேனாவுமா, மெட்ராசு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல்ல உக்காந்து கவிதை எழுதிக்கிட்டிருப்பாரு. அதை எழுதினியோ, படிக்கிறவன் ஒரு நிமிசம் நின்னு அந்த மனுசனை நெசமாவே நெனச்சுப்புடுவான். அப்புறம் பக்கத்தை எவன் திருப்புறது?

மண்டேலா தங்கமான ஆளு. இருபத்தேழு வருசம் செயில்ல இருந்த பழக்கமோ என்னமோ, கெடு தவறாம அதே 2013 டிசம்பர் அஞ்சாந்தேதியே போயிட்டாரு. ஒனக்கு வேலை மிச்சம்.

நம்ம இயற்கை விவசாயி நம்மாழ்வார்தான் கழுத்தறுத்தாரு. பச்சைத் துண்டும் வெள்ளைத் தாடியுமா, மீத்தேன் திட்டம் வேணாம்னு ஊர் ஊராச் சொல்லிக்கிட்டு வந்தவரு, பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில டிசம்பர் 30-ல கண்ணை மூடிட்டாரு. கரூர்ப் பக்கம் கடவூர் வானகத்துல, அவரு உண்டாக்கின மண்ணுலயே வெதச்சாச்சு. இப்ப நீ என்ன பண்ணுவே? இந்த வருசப் பக்கம் அச்சாயிருச்சு. அடுத்த வருசத்துல போட்டா ஆண்டு தப்பு. மனுசன் ரெண்டு வயலுக்கு நடுவுல வரப்பு மேல நிக்கிறாரு. கோயில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில சர்க்கார் உத்தியோகத்தையே தூக்கிப் போட்டவரு, ஒன் இருபதாந்தேதிக்கா கட்டுப்படுவாரு?

எங்க, இந்த வருசப் பட்டியலைக் காட்டு. நடிகரு, நடிகரு, மந்திரி, நடிகரு... சம்சாரி ஒருத்தன்கூட இல்லையே! சாவலையா, ஒனக்குத் தெரியலையா? சரி விடு, மொகத்தைத் தூக்காதே. கீழ் மூலையில ரெண்டு விரக்கடை காலியா வையி. எனக்கும் முந்தாநேத்துலேர்ந்து இருமலா இருக்கு. எடமில்லேன்னா இப்பவே சொல்லிப்புடு, பொங்கல் வரைக்கும் தள்ளிப் போட்டுக்கிறேன்.