அப்பா மறைத்த சக்கரம்

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைப் பக்கத்து வீடொன்றில் ஒரு போட்டோ இருக்கிறது. கறுப்பு வெள்ளை, ஓரத்தைக் கரையான் ருசி பார்த்திருக்கிறது. நீராவி இன்ஜின் ஒன்று, அதையொட்டி வேட்டி கட்டிய ஒரு மனிதர், அவர் காலடியில் டிரங்குப் பெட்டி. வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படத்தில் நிற்பவர் அவருடைய அப்பா. "மாரிக்குப்பம் ஸ்டேஷன்ல எடுத்தது" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நாற்பது வருடமாகச் சொல்லிவந்தார். யாரும் மறுத்ததில்லை. காபி கொடுக்கிற வீட்டில் யார் மறுப்பார்கள்?

மறுத்தவன் அண்ணன் மகன். பெங்களூரில் வேலை. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு, விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் ஆயிரக்கணக்கான தங்கவயல்காரர்களில் ஒருவன். நாளில் பாதி ரயிலிலேயே கழிவதால் ரயில்மீது வெறுப்பு வந்திருக்க வேண்டும். இவனுக்குக் காதல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் ரயில் பேச்சுத்தான்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, பூதக்கண்ணாடியும் கையுமாகப் போட்டோவின் மேல் கவிழ்ந்தான். "சித்தப்பா, இந்த இன்ஜின் மாரிக்குப்பத்துக்கு வந்திருக்கவே முடியாது."

"இன்னாடா சொல்ற? எங்கப்பன் வந்திருக்காரு, இன்ஜின் வராதா?"

பையன் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தான். நீராவி இன்ஜினை அடையாளம் காண முதலில் சக்கரத்தை எண்ண வேண்டும்: முன்னால் வழிகாட்டும் சின்னச் சக்கரங்கள், நடுவில் இழுக்கிற பெரிய சக்கரங்கள், பின்னால் பாரம் தாங்கும் சக்கரங்கள். நாலு, ஆறு, இரண்டு என்று வந்தால் பயணிகள் ரயிலை இழுக்கும் 'பசிபிக்'. இரண்டு, எட்டு, இரண்டு என்றால் பெரும்பாலும் சரக்குக்கு உழைக்கும் 'மிகாடோ'. போட்டோவில் ஒரு பக்கம்தான் தெரியும் என்பதால் எண்ணியதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பெரியவர் எண்ணினார். முன்னால் இரண்டு, நடுவில் மூன்று. பின்னால் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டிய அந்த ஒரே சக்கரத்தைச் சரியாக மறைத்துக்கொண்டு அப்பா நிற்கிறார். வேட்டி வேறு நன்றாக விரிந்திருக்கிறது. அது இருந்தால் ஒரு வகை, இல்லாவிட்டால் இன்னொரு பழைய வகை. நடுவில் எட்டு முழம் வேட்டி.

"கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம் தாத்தா" என்றான் பையன். பெரியவர் முறைத்தார்.

வேட்டி மறைத்ததை எழுத்து காட்டிக்கொடுத்தது. ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் எண் பொறித்திருந்தது. எண்ணில் இரண்டு இலக்கம் அழிந்திருந்தாலும் முன்னாலிருந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன: ஒய்.பி. இந்திய ரயில்வேயில் முதல் எழுத்துத்தான் இன்ஜினின் சாதிச் சான்றிதழ். டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஒய் என்றால் மீட்டர் கேஜ், இசட் என்றால் அதைவிடக் குறுகலானது. ஒய்.பி. இன்ஜின்கள் 1949இலிருந்துதான் வரத் தொடங்கின. ஆகவே போட்டோ அதற்கு முந்தியதல்ல. ஆனால் மாரிக்குப்பத்தில் மீட்டர் கேஜ் என்றைக்குமே இருந்ததில்லை. சென்னை – பெங்களூர்த் தடத்திலிருந்து பங்காருபேட்டையில் பிரிந்து, 1894இல் தங்கவயலுக்குள் நுழைந்த பதினாறு கிலோமீட்டர்க் கிளைப் பாதை, பிறந்த நாள்தொட்டு ஐந்தரை அடி அகலம். அதே பங்காருபேட்டையிலிருந்து கோலாருக்கு 1913இல் போட்ட பாதையோ இரண்டரை அடிதான். அகலமும் உண்டு, குறுகலும் உண்டு. நடுவாந்தரமான மீட்டர் கேஜ் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்தக் கிளைப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. பங்காருபேட்டைக்கு அப்போது பௌரிங்பேட்டை என்று பெயர். மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயர். அங்கிருந்து வந்தால் கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம். சாம்பியன் என்ற பெயரில் ஒரு ஸ்டேஷன், அதுவும் யாரோடும் போட்டியிடாமல். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இலேயே கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. பூமிக்கடியில் மின்சாரம் ஓடிய ஊருக்கு, பூமிக்கு மேலே இன்னும் பல பத்தாண்டுகள் கரிப்புகைதான் ஆட்களை ஏற்றி இறக்கியது.

பெரியவர் விடவில்லை. "மூக்குல நட்சத்திரம் போட்ட இன்ஜினை நான் பாத்திருக்கேன்டா" என்றார். உண்மைதான், பார்த்திருப்பார். அது 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்திறங்கிய டபிள்யூ.பி.; துப்பாக்கிக் குண்டு மாதிரி கூம்பிய மூக்கு, அதன்மேல் நட்சத்திரம். அகலப் பாதைக்காரன். படத்தில் இருப்பதற்கு மூக்கே சப்பை. பெரியவரின் நினைவு ஒரு இன்ஜினுடையது, போட்டோ வேறொரு இன்ஜினுடையது. நாற்பது வருடமாக இரண்டையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதில் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இன்ஜின்கள் ஆளை ஏமாற்றுவதில் கைதேர்ந்தவை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஒரே கம்பெனி 1855இல் செய்து அனுப்பிய இரண்டு இன்ஜின்கள் இன்னும் இந்தியாவில் இருக்கின்றன. கிழக்கிந்திய ரயில்வேயின் 22ஆம் எண், 'ஃபேரி குயின்' என்ற பெயரோடு கின்னஸ் வரை போய்விட்டது. 21ஆம் எண்ணான 'எக்ஸ்பிரஸ்', பெரம்பூர் பணிமனைக்காரர்கள் உயிர்கொடுத்து எழுப்பிய பிறகு சென்னையில் ஓடியது. இரட்டைப் பிள்ளைகளின் படத்தைக் காட்டி எது எது என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்களே எண்ணைத்தான் தேடுவார்கள். இடமும் இப்படித்தான் ஏமாற்றும். 'ஷோலே' படத்துக் கிராமம் பெங்களூரை அடுத்த ராமநகரத்துப் பாறைகளுக்கு நடுவே போட்ட செட். சரி, ரயில் சண்டையும் அங்கேதான் என்று பெங்களூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அந்த ரயில் ஓடியது மகாராஷ்டிரத்தில், பன்வேல் பக்கம்.

மாரிக்குப்பம் இல்லையென்றால் எந்த ஊர்? இந்த இடத்தில்தான் பையன் இன்ஜினை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்க்கத் தொடங்கினான். அவன் பார்வையில் இன்ஜின் ஊர் சுற்றி. இன்றைக்கு இங்கே நிற்கும், நாளைக்கு எங்கேயோ. அதன் பின்னால் இருக்கிற மலைக்கும் பலகைக்கும்தான் கால் கிடையாது. தங்கவயல் என்றால் பின்னணியில் சயனைடு மேடு ஏதாவது தலை காட்ட வேண்டும். தாதுவை அரைத்து, சயனைடில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் அது. வருடா வருடம் வளர்ந்தது. மற்ற ஊரில் மலையை வைத்து இடத்தைச் சொல்லலாம். தங்கவயலில் மலையின் உயரத்தை வைத்து வருடத்தையே சொல்லலாம். படத்தில் மண்மேடும் இல்லை, சுரங்கத்துக்கு மேலே சக்கரம் வைத்து நிற்கும் இரும்புக் கோபுரமும் இல்லை. உருட்டி வைத்த மாதிரி பாறைக் குன்று ஒன்று. அதற்கு முன்னால் பெயர்ப்பலகை. இன்ஜின் புகை முக்கால் பலகையை விழுங்கிவிட்டு ஒரே ஓர் எழுத்தை மிச்சம் வைத்திருந்தது: 'டி'.

"டி-யில முடியாத ஊரு எது? தூத்துக்குடி, காரைக்குடி, கோவில்பட்டி, பண்ருட்டி..." பெரியவர் பட்டியல் போட்டார். தோல்வி உறுதி என்று தெரிந்த பிறகு எதிராளியைக் குழப்புவதில் ஒரு திருப்தி உண்டு.

பையன் பூதக்கண்ணாடியைப் படத்தின் அடிப்பாகத்துக்கு நகர்த்தினான். இன்ஜின் நிற்கிற தண்டவாளம் குறுகல். படத்தின் கீழ் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு ஓடுகிற தண்டவாளம் அகலம். அந்தக் காலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த, 'டி'யில் முடிகிற ஊர் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

"காட்பாடி" என்றான்.

வட ஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய குடும்பங்களுக்குக் காட்பாடியைத் தெரியாமல் இருக்காது. மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காருபேட்டை, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கி, விழுப்புரம் போகிற மீட்டர் கேஜ் வண்டிக்கு மாறினால் சொந்த ஊர். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதுதான் வழி. அகலத்திலிருந்து குறுகலுக்கு மாறுகிற இடத்தில் மூட்டை முடிச்சோடு காத்திருந்தபோது யாரோ எடுத்த படம்.

"அப்போ பெட்டியில கே.ஜி.எஃப்.னு எழுதியிருக்கே?" பெரியவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். டிரங்குப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் அதன் கீழே கே.ஜி.எஃப். என்றும் இருந்தது. நாற்பது வருட வரலாற்றுக்கும் ஆதாரம் அந்தப் பெட்டிதான்.

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "பொட்டி எங்கிருந்து வந்துச்சுன்னுதானே எழுதுவாங்க? எங்க நிக்குதுன்னா எழுதுவாங்க?" சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியில்லாமலே படத்தைப் பார்த்தாள். "மாமா கோட்டைக் கழட்டிக் கையில போட்டிருக்காரு பாரு. நம்ம ஊரு குளிர்ல போட்டுக்கினு ஏறியிருப்பாரு. காட்பாடி வெயில் கழட்ட வெச்சிடுச்சு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சக்கரம், கேஜ், பலகை என்று ஒன்றரை மணி நேரம் ஓடிய விசாரணையில் அந்தக் கோட்டை இரண்டு ஆண்களும் கவனிக்கவேயில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆல்பத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே சிறுவயதில் அவரே நிற்கிறார். எண்ணெய் வைத்து வாரிய தலை, பக்கத்தில் கம்பீரமாக ஒரு ரயில் இன்ஜின்.

"இது மாரிக்குப்பந்தான். எனக்கே ஞாபகம் இருக்கு. என்னா கேஜ், சொல்லு பார்க்கலாம்?"

பையன் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தான். இன்ஜினின் புகைபோக்கிக்குச் சற்று மேலே ஒரு ஆணி. ஆணியில் தொங்கிய துணியில் நடுவே ஒரு மடிப்பு. மடிப்பு விழுந்த இடத்தில் சக்கரம் முட்டை வடிவத்தில் இருந்தது.

"ஸ்டூடியோ கேஜ், சித்தப்பா" என்றான்.