டெமராரா கரையின் மகள்கள்: கேள்வி-பதில்

கயானா என்றால் கிளைவ் லாயிட், சந்தர்பால்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். பெண்கள் யாரும் இல்லையா? (தஞ்சாவூர் வாசகர்)

கிரிக்கெட்டிலேயே இருக்கிறார்கள். 2016-இல் மேற்கிந்தியத் தீவுகளின் பெண்கள் அணி கொல்கத்தா ஈடன் கார்டனில் டி20 உலகக் கோப்பையைத் தூக்கியபோது, பெர்பீஸைச் சேர்ந்த ஷெமெய்ன் கேம்பெல் அந்த அணியில் இருந்தார். ஓட்டத்தில் அலியான் பாம்பி: 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் 400 மீட்டர் தங்கம். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 8 லட்சத்துக்கு முன்பின்தான். அத்தனை சிறிய நாட்டிலிருந்து வந்த பெண்கள் இவர்கள்.

அங்கே தமிழ்ப் பெண்கள் உண்டா? (நாகப்பட்டினம் வாசகி)

தமிழ் வேர் உண்டு. 1838 முதல் 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையில் ஏறியவர்கள் சிறு பங்கு. ஆனாலும் மாரியம்மனும் வேப்பிலையும் தப்பு மேளமும் அங்கே இன்றும் இருக்கின்றன. காளி பூஜையை ‘மதராசி’ வழிபாடு என்றே சொல்கிறார்கள். நாகமுத்து, வீரசாமி, ராமசாமி எல்லாம் அங்கே குடும்பப் பெயர்கள்.

அதற்காக, சாதித்தவர்களில் யார் நம் ஊர்க்காரர் என்று சலித்தெடுக்க வேண்டாம். கயூத்ரா பகதூரைப் படியுங்கள். கயானாவில் பிறந்து சிறுமியாக அமெரிக்கா போய்ப் பத்திரிகையாளர் ஆனவர். 1903-இல் கல்கத்தாவிலிருந்து கணவன் துணையின்றி, வயிற்றில் பிள்ளையோடு கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி ஆவணக் காப்பகங்களில் புகுந்தார். அங்கே கிடைத்ததெல்லாம் கப்பல் டாக்டரும் அதிகாரிகளும் எழுதிவைத்தவை. கப்பலில் போன பெண்கள் எழுதியது அநேகமாக எதுவுமில்லை. அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பாமல் கேள்விகளாகவே அடுக்கினார். 2013-இல் வந்த ‘கூலி உமன்’ அப்படி உருவான புத்தகம். சென்னையில் கப்பலேறிய பெண்களுக்கும் அது பொருந்தும்.

சிகாகோவில் பிறந்த ஜேனட் ஜேகனைக் கயானாக்காரர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (கோவை வாசகர்)

சிறைக்குப் போனாரே, அது போதாதா? 1943-இல் செட்டி ஜேகனை மணந்து அங்கே போனார். 1950-இல் மக்கள் முற்போக்குக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1953-இல், வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலில், ஜெஸ்ஸி பர்ன்ஹாம், ஜேன் ஃபிலிப்ஸ்-கே ஆகியோரோடு சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அந்த அரசை 133 நாளில் பிரிட்டன் கலைத்தது. மறுவருடம் ஜேனட் சிறையில். 1997-இல் நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி. பதவியேற்பின்போது கைக்கு வந்த நீதிமன்ற உத்தரவைத் தோளுக்குப் பின்னால் வீசினார். அது தப்பு என்றே நினைக்கிறேன். ஐம்பது வருட உழைப்பை அந்த ஒரு வீச்சு அழித்துவிடாது என்றும் நினைக்கிறேன்.

‘முதல் பெண்’, ‘முதல் பெண்’ என்றே பட்டியல் போடுகிறீர்களே, சலிக்கவில்லையா? (மதுரை வாசகி)

இரண்டாவது, மூன்றாவது பெண் வராவிட்டால்தான் சலிக்கும். தேசிரே பெர்னார்ட் 1980-இல் கயானா உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, 2001-இல் நீதித்துறையின் தலைவர், 2005-இல் கரீபிய நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. பிறகு 2017-இலிருந்து பல ஆண்டுகள் நீதித்துறைத் தலைவர், தலைமை நீதிபதி என்ற இரண்டு நாற்காலிகளிலும் பெண்களே பொறுப்பில் இருந்தார்கள். வாக்கனாம் தீவில் பிறந்த வேலரி ஏமஸ் 2003-இல் பிரிட்டன் அமைச்சரவையின் முதல் கறுப்பினப் பெண். முதலாமவர் கதவைத் திறந்தால் மட்டும் போதாது, பின்னால் வருபவருக்காகப் பிடித்துக்கொண்டும் நிற்க வேண்டும்.

லண்டன் போனவர்களில் உங்களுக்குப் பிடித்தவர்? (சேலம் வாசகி)

ஒருவரைச் சொல்ல மனம் வரவில்லை, இருவர்.

பெரில் கில்ராய், பெர்பீஸின் ஸ்கெல்டனில் பிறந்தவர். கயானாவில் முதல் தரத்தில் தேறிய ஆசிரியை. 1950-களின் தொடக்கத்தில் லண்டன் போனால், அங்கே பள்ளிக்கூடம் எதுவும் வேலை தரவில்லை. பாத்திரம் கழுவினார், ஒரு சீமாட்டிக்குப் பணிப்பெண்ணாக இருந்தார். விடவில்லை. 1969-இல் வடக்கு லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனார். அந்த ஊரில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். அனுபவத்தை 1976-இல் ‘பிளாக் டீச்சர்’ என்று எழுதினார். குழந்தைகளின் வாயில் வந்த இனவெறிச் சொல்லைக் கேட்டு அவர் கோபத்தில் கத்தவுமில்லை, கேட்காததுபோல் விடவுமில்லை. அதை அப்படியே வகுப்பில் எடுத்துவைத்துப் பாடமாக்கினார். எந்தப் பயிற்சிக் கல்லூரியும் சொல்லித்தராத வித்தை அது.

இன்னொருவர் ஜெசிகா ஹன்ட்லி. 1968-இல் கயானாவின் வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னியை ஜமைக்கா அரசு நாட்டுக்குள் விட மறுத்தது. அவருடைய பேச்சுகளை அச்சிட லண்டனில் ஜெசிகாவும் கணவர் எரிக்கும் நண்பர்களிடம் காசு திரட்டினார்கள். வீட்டு முன்னறையே பதிப்பகம். போகல்-லூவர்ச்சர் என்று பெயர். 1969-இல் முதல் புத்தகம். 1972-இல் ‘ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படிப் பின்தங்க வைத்தது’ என்ற ராட்னியின் பெரும்படைப்பு. பிறகு திறந்த புத்தகக் கடையை இனவெறியர்கள் தாக்கினார்கள், கடை மூடவில்லை. 1980-இல் ராட்னி கொல்லப்பட்டதும் கடைக்கு ஜெசிகா அவர் பெயரையே வைத்தார். ராட்னியைப் படித்தவர்கள் ஜெசிகாவின் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரெக்ஸிட் வழக்குப் போட்டவரும் கயானாவா? (சென்னை வாசகர்)

ஆமாம், ஜீனா மில்லர். பத்து வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரசு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் வேலையைத் தொடங்க முடியாது என்று வாதிட்டு 2017-இல் வென்றார். 2019-இல் நாடாளுமன்றத்தை முடக்கியதும் சட்டவிரோதம் என்று 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இரண்டு பிரதமர்கள், இரண்டு வழக்கு, இரண்டிலும் வெற்றி.

பாடகி ரிஹானா? (திருப்பூர் வாசகி)

பிறந்தது பார்படோஸ், அம்மா கயானா. இன்னொன்றும் கேளுங்கள்: 1968-இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோமுக்கு அப்பா கயானா.

பட்டம் பதவி எதுவும் இல்லாத பெண்களைச் சொல்ல மாட்டீர்களா? (திண்டுக்கல் வாசகி)

கௌசில்லா. லியனோரா சர்க்கரைத் தோட்டத் தொழிலாளி, நான்கு பிள்ளைகளின் தாய். நிர்வாகத்துக்கு வேண்டிய சங்கம் வேண்டாம், எங்கள் சங்கத்தை அங்கீகரி என்று 1964-இல் வேலைநிறுத்தம். மார்ச் 6 அன்று தோட்டத்தின் பாலத்தில் பெண்கள் உட்கார்ந்து வழி மறித்தார்கள். டிராக்டர் அவர்கள் மேல் ஏறியது. கௌசில்லா இறந்தார்; வேறு பெண்கள் பலத்த காயமடைந்தார்கள். அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது 1976-இல்தான், பன்னிரண்டு வருடம் கழித்து. இன்று அதே லியனோராவில் தேசியத் தடகள மைதானம் இருக்கிறது. அலியான் பாம்பியின் பெயரில் அங்கே போட்டிகள் நடந்திருக்கின்றன. அங்கே ஓட வரும் பெண்பிள்ளைகளுக்குக் கௌசில்லாவின் கதையையும் யாராவது சொல்ல வேண்டும்.

வீட்டு வேலையைச் சாதனை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? (ஈரோடு வாசகி)

1986-இல் ஜார்ஜ்டவுனில் ‘ரெட் த்ரெட்’ என்ற பெண்கள் அமைப்பு பிறந்தது. தொடக்கம் எம்பிராய்டரி. அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு இருந்த காலத்தில் கையில் நாலு காசு புரள வேண்டுமே! பிறகு, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்கிறோம், எவ்வளவு நேரம் என்று சாதாரணப் பெண்களையே குறிக்க வைத்தார்கள். இந்திய வம்சாவளி, ஆப்பிரிக்க வம்சாவளி, பழங்குடி என மூன்று தரப்புப் பெண்களின் நாளும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கப்பட்டது. இன அடிப்படையில் வாக்களித்துப் பிளந்து கிடக்கும் நாட்டில், அடுப்படியில் எல்லோருக்கும் ஒரே பாடுதான் என்று அவர்கள் கைப்பட எழுதியதே காட்டியது. அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான அண்டாயே 2019-இல் காலமானார். என்னைக் கேட்டால், அந்த நாட்டின் பெரிய சிந்தனையாளர் வரிசையில் ராட்னிக்குப் பக்கத்திலேயே அவருக்கு இடம்.

நெருக்கடியில் ஒரு பெண் நாட்டைக் காப்பாற்றிய சம்பவம்? (தூத்துக்குடி வாசகர்)

2020 மார்ச் 2 வாக்குப்பதிவு. முடிவு அறிவிக்கப்பட்டது ஆகஸ்ட் 2. தலைநகர் அடங்கிய நான்காவது மண்டலத்தின் எண்ணிக்கையில் முரண்பாடு, வழக்கு மேல் வழக்கு. தேர்தல் ஆணையத்தில் மூன்று பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம், நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி கிளாடெட் சிங். இழுத்தடிக்கிறார் என்று திட்டினார்கள். அவர் மறுஎண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் அந்த எண்களின்படியே அறிவித்தார். வேகம் போதவில்லை என்பது நியாயமான குறை. முடிவு சரி.

எண்ணெய்ப் பணம் கொட்டுகிறதாமே? (புதுச்சேரி வாசகர்)

2019 டிசம்பரிலிருந்து. எண்ணெய் சிந்தினால் யார் பொறுப்பு என்று விடாமல் கேட்பவர் வழக்கறிஞர் மெலிண்டா ஜாங்கி. 1996 சுற்றுச்சூழல் சட்டத்தை எழுத உதவியவரே அவர்தான். 2023 மே மாதம், எக்ஸான் நிறுவனம் வரம்பில்லாத உத்தரவாதம் தர வேண்டும் என்ற தீர்ப்பை உயர்நீதிமன்றத்தில் பெற்றார்; அது மேல்முறையீட்டுக்குப் போனது. காட்டுப் பக்கம் ஜீன் லா ரோஸ்: அரவாக் பழங்குடிப் பெண், சுரங்கங்களுக்கு எதிராக நில உரிமைக்குப் போராடி 2002-இல் கோல்ட்மன் பரிசு பெற்றவர்.

இவர்களைப் படிக்க எங்கே தொடங்கலாம்? (விழுப்புரம் ஆசிரியை)

ஆசிரியை என்றால் ‘பிளாக் டீச்சர்’தான். 2021-இல் மறுபதிப்பு வந்திருக்கிறது. கவிதை வேண்டுமென்றால் கிரேஸ் நிக்கல்ஸ், மகாதாய் தாஸ் இருவரும்.