மூலை பார்ப்பவர்

வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்று, வந்த பணத்தில் ஒரு பங்கை மரவேலைச் சாமான்களில் போட்டிருப்பார். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்படி ஒருவராவது தேறுவார். மாமனார் படத்துக்குத் தன் கையாலேயே தேக்குச் சட்டம் போடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். மாமனார் இன்னும் பீரோவில், பழைய புடவைக்குள் இருக்கிறார். எந்த கிளாம்ப் என்பது முடிவாகவில்லை.

முதலில் தொண்ணூறு டிகிரி மூலை கிளாம்ப் ஒன்று வாங்கினார். ஒரு மூலை காய்ந்த பிறகுதான் அடுத்த மூலை. முதல் மூன்றின் பிசகும் நாலாவதன் தலையில் விடியும் என்று தெரிந்ததும் இன்னும் மூன்று வாங்கினார். பிறகு வார் கிளாம்ப். சட்டத்தைச் சுற்றி வாரைப் போட்டு இறுக்கினால் நாலு மூலையும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் சேரும். என் ஓட்டும் இதற்குத்தான். அவரோ, "வார் சதுரத்துக்குப் பொறுப்பேற்காது சார், குறுக்களவு ரெண்டும் சமமான்னு நாமதான் அளக்கணும்" என்று அதையும் பரணில் ஏற்றிவிட்டார்.

விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. லிஃப்டில் மாட்டினால் நாலு மாடிக்குள் முழுப் பாடமும் நடத்திவிடுவார். சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி தப்பினால் கடைசி மூலை 4 டிகிரி வாயைப் பிளக்கும். அதை கிளாம்ப் போட்டு நெரித்து மூடலாம், அவிழ்த்ததும் மரம் தன் புத்தியைக் காட்டும். வெட்டுமுகம் பசையைக் குடித்துவிடும், ஆகவே ஒரு கை மெல்லப் பூசி ஊறவிட்டு மறுகை பூச வேண்டும். ரொம்ப இறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். அத்தனையும் சரி. "கோளாறு கிளாம்பில் இல்லை, வெட்டில்" என்று அடித்துச் சொல்லிவிட்டு, தரைத்தளத்தில் இறங்கி, கூரியரில் வந்த அடுத்த கிளாம்பைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்.

கதவு சரிபார்க்க வந்த ஆசாரி, சுவரில் வரிசையாகத் தொங்கியவற்றைப் பார்த்து, "இவ்ளோ எதுக்கு சார்? பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்குல கிழிச்சு இழுத்துச் சுத்துனா போதுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் வீட்டில் புதுப் பிரச்சினை: 26 இஞ்ச் ட்யூபா, 28 இஞ்ச் ட்யூபா?

"ஏங்க, அப்பா திவசத்துக்குள்ள ஆகுமா?" என்று மனைவி கேட்பதுண்டு. எந்த வருஷத்துத் திவசம் என்று அந்த அம்மாள் சொல்வதில்லை.

பிறர் வீட்டுப் படங்களைப் பார்த்தால் இவருக்குக் கண் நேரே மூலைக்குப் போகும். உள்ளே இருப்பது முருகனா, முதலமைச்சரா என்பதெல்லாம் அப்புறம். போன மாதம் பக்கத்து பிளாக்கில் துக்கம் விசாரிக்க என்னோடு வந்தார். மாலை போட்ட படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"சே, இப்படி விட்டுட்டாங்களே" என்றார்.

"என்ன சார் பண்றது, வயசாயிடுச்சு" என்றான் பையன்.

"வயசு இல்ல தம்பி, அவசரம். ஒரு நாள் முழுக்க அசைக்காம விட்டிருந்தா நின்னிருக்கும்."

பையன் மிரண்டு போய், "டாக்டரே கையை விரிச்சுட்டாரு சார்" என்றான்.

"டாக்டருக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?" என்றவர், மாலையை ஒதுக்கிப் படத்தைத் திருப்பிக் காட்டினார். "பாரு, மூலைக்கு ஒரே ஒரு ஆணி!"