கக்கத்தில் துண்டு

கொழிஞ்சாம்பாறையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. கேரள எல்லை தாண்டிக் கோவைப் பக்கம் செட்டிபாளையம் போக வேண்டும். ஆனால் பழகுவதற்குச் சொந்தத் தென்னந்தோப்பே போதும் என்று முடிவெடுத்துவிட்டார், பணி ஓய்வு பெற்ற ஒரு நண்பர்.

முதல் பாடம், கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு மட்டையை வீசுவது. துண்டு நழுவினால் கை உடம்பை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். பண்ணையார் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்ற ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதுசா? அன்று நழுவினால் உதை விழும். இன்று பந்து வலப்பக்கம் வளைந்தோடும், அவ்வளவுதான். இப்போது பண்ணையார்களே காசு கொடுத்து இடுக்குகிறார்கள்.

அடுத்து, இரண்டு காலையும் ஒட்டி வைத்து அரை வீச்சு. பலத்தைக் காட்டினால் ஆள் சாய்வார். நிதானம் வரத்தான் இந்த ஏற்பாடு. தலையைத் தூக்கிப் பந்தைத் தேடக் கூடாது என்பது மூன்றாவது. நண்பர் தேடினார். மரத்து மேலிருந்த கள் இறக்குகிறவர் சொன்னார்: "ஏனுங்க, பந்து காலடியிலயேதான் கெடக்குதுங்க!"

46 கிராம்கூட இல்லாத பந்து. நண்பர் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் குறை சொன்னார். தோப்பில் ஓர் ஓலை அசையவில்லை.