சங்கிலி போனது, பேச்சு வரவில்லை

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது நான் உளவியல் மாணவன். சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்ததால் ஓட முடியாமல் அவர்களில் 28 பேர் உயிரிழந்தார்கள். அந்த வாரம் எங்கள் வகுப்பில் ஃப்ராய்டின் கனவு விளக்கம்தான் நடந்தது. பக்கத்து ஊர் ஏர்வாடியைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அதற்குச் சில மாதம் முன்பு, கீழக்கரை நண்பனோடு, மனநோய் தீருமென்று நம்பி ஆட்களைக் கொண்டுவரும் ஏர்வாடி தர்காப் பக்கம் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் சங்கிலி உரசிய புண். அதன்மேல் கிழிந்த கைலித் துணி. "தம்பி, மணி என்ன?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டார். நேரம் தெரிந்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, யாராவது பதில் சொன்னால் போதும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது. தர்காவில் தவா–துவா (மருந்து–பிரார்த்தனை) திட்டத்தில் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கிறது. இது பெரிய மாற்றம். ஆனால் தர்கா வாசலில் ஒரு அம்மா தன் மகனைப் பற்றி என்னிடம் சொன்னார்: "மாத்திரை தர்றாங்க சார். அவன்கிட்ட உக்காந்து பேசத்தான் ஆளில்ல."

நான் இப்போது பாடம் எடுப்பது அந்தப் பேச்சைப் பற்றித்தான். பேச்சுச் சிகிச்சையால் பலன் உண்டென்பதற்கு ஆதாரமில்லை என்று 1952இல் உளவியலாளர் ஐசென்க் எழுதினார். 1977இல் ஸ்மித், கிளாஸ் என்ற ஆய்வாளர்கள் சுமார் 375 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பலன் உண்டு என்று காட்டினார்கள். சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட நன்றாக இருந்தார். என் மாணவர்கள் இதைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். எதிரே ஒருவர் அழுதால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கோவாவில் மனச்சோர்வுக்கு ஆலோசனை சொல்ல, உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களையே மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு பயிற்றுவித்தது. ஆறு முதல் எட்டு அமர்வுகள். பேசியதைப் பதிவு செய்து, பிறகு கூட்டாகக் கேட்டு, ஒருவர் வேலைக்கு மற்றவர் மதிப்பெண் போட்டார்கள். பலன் கிடைத்ததென்று 2017இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வெளியானது.

நம் கடற்கரைக்கும் அதுவே வழி. ராமநாதபுரம் மாவட்டத்தில் உளவியல் சொல்லித்தரும் ஆசிரியர்களே, மாணவர்களை ஏர்வாடிக்கு அழைத்துப் போங்கள். மருத்துவர் மேற்பார்வையில் நோயாளிகளின் அருகே உட்காரவைத்து, அவர்கள் பேசுவதைக் கேட்கப் பழக்குங்கள். பரீட்சை மதிப்பெண்ணில் பாதியை அதற்குக் கொடுங்கள்.